துத்தநாகம் ஊற்றாத வண்டி

அரவங்காடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. டிக், டிக், டிக்.

மார்கழிக் குளிரிலும் டிரைவர் காளிமுத்துவுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பத்து நாளைக்கு முன்னால், வெலிங்டன் வீட்டில் இந்தப் பழைய அம்பாசிடருக்கு ஆயில் மாற்றும்போது, ஆயிலோடு கலக்க வேண்டிய துத்தநாகப் புட்டி கை வழுக்கிச் சாக்கடையில் கவிழ்ந்துவிட்டது. வண்டிக்குச் சொந்தக்காரரான பியாட்ரிஸ் டீச்சர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புட்டி அது. வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சும்மா கொடுத்துவிடுவாரா?

"இப்ப வர்ற ஆயில்ல துத்தநாகம் கம்மி. பழைய எஞ்சினுக்கு இதையும் ஊத்தலைன்னா உள்ள தேஞ்சு டிக் டிக்னு சத்தம் வரும். அப்புறம் காயலாங்கடைதான்" என்று பாடமே நடத்தியிருந்தார். காளிமுத்துவும் ஊற்றியாகிவிட்டது என்று கூசாமல் தலையாட்டியிருந்தார்.

வண்டி போனால் டிரைவர் எதற்கு? டிரைவர் இல்லையென்றால் அவருக்குக் கொடுத்திருக்கும் பின்கட்டு வீடு எதற்கு? ஐம்பத்தாறு வயதில், காலேஜுக்குப் போகிற மகளையும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

சத்தம் பின் ஸீட்டிலிருக்கும் டீச்சர் காதில் விழக்கூடாதென்று உரக்கப் பாட ஆரம்பித்தார்.

"பாடாதீங்க காளிமுத்து! எண்ணிக்கை விட்டுப்போகுது."

எண்ணுகிறாரா! நிமிஷத்துக்கு எத்தனை டிக் என்று கணக்கு எடுக்கிறார் போலிருக்கிறது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவும் வழியில்லை. ரோட்டைத் தவிர எதையும் பார்க்கக்கூடாது என்பது அந்த வண்டியின் முதல் சட்டம்.

"கொஞ்சம் நிமிந்து உக்காருங்க." டீச்சரின் விரல் அவர் தோளில் பட்டது. "போன வருஷத்துக்கு இளைச்சுட்டீங்களே. வயசாகுதில்ல?"

முடிந்தது. ஆளை மாற்றப் போகிறார்.

ஊட்டியில் டீச்சர் பெரிய துணிப்பையோடு சபைக் கூட்டத்துக்குள் போனதுதான் தாமதம், காளிமுத்து வண்டியை மெக்கானிக் டக்ளஸிடம் விரட்டினார்.

டக்ளஸ் ஓட்டிப் பார்த்தார். "சத்தமே இல்லீங்களே?"

"டீச்சரம்மா உக்காந்தாத்தானுங்க வருது."

"பாரம் ஏறுனா வருதுங்களா? அப்ப முத்திப்போச்சுங்க."

பயத்தில் காளிமுத்து, டக்ளஸ் எங்கிருந்தோ தேடிக் கொடுத்த துத்தநாகத்தை ஒரு புட்டிக்கு இரண்டு புட்டியாக வாங்கி ஊற்றினார். திரும்பும்போது கேத்தி வளைவில் டிக் டிக் இரண்டு மடங்கு வேகமாக வந்தது.

கெட்டியான ஆயிலாக மாற்றிப் பார்த்தார். வண்டி ஏற்றத்தில் முக்கி, புகை கக்கியது. டிக் டிக் மட்டும் குறையவில்லை. டீச்சரோ கிறிஸ்துமஸ் வேலை என்று தினமும் எங்காவது கிளம்பினார். ஒருநாள் கோத்தகிரி வரை போய், வண்டியை விட்டு இறங்காமலே திரும்பினார். வண்டிக்குப் பரீட்சை வைக்கிறார் என்று காளிமுத்துவுக்குத் தூக்கமே போயிற்று.

இருபத்திரண்டாம் தேதி, சர்வீஸ் என்று பொய் சொல்லி டக்ளஸிடம் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னார்.

"உள்ள எல்லாம் புதுசாட்டம் இருக்குதுங்க" என்றார் டக்ளஸ். "ஆனா பிரிக்கையில போல்ட்டு ஒடைஞ்சு போச்சு. கோயமுத்தூர்ல இருந்து வரணும். கிறிஸ்துமஸ் கழிச்சுத்தான் வண்டி ஓடும்."

காளிமுத்து போய் டீச்சர் முன்னால் நின்றார். சாக்கடையில் கவிழ்ந்த புட்டியிலிருந்து ஒடிந்த போல்ட் வரை எல்லாவற்றையும் கொட்டினார்.

டீச்சர் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மூணு நாளைக்கு வண்டியே ஓடாதா?" என்றார். கண் கலங்கியது. துணிப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காளிமுத்து சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடுப்படியிலிருந்த சமையல்காரி தபித்தாளிடம், "என் வேலை போச்சுங்க அம்மிணி. பொட்டி கட்ட வேண்டியதுதான்" என்று விசும்பினார்.

தபித்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேலை போறதாவது! கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குத் தெரியாமக் குடுக்கோணும்னு, வண்டியில உங்க முதுகுக்குப் பின்னாடியே உக்காந்து அளவு பாத்துப் பாத்து ஸ்வெட்டர் பின்னிட்டிருந்தாங்க. இன்னும் ஒரு கை பாக்கி, இனி அந்த ஊசிய எங்க உக்காந்து டிக் டிக்னு ஓட்டறதுன்னு அழுவறாங்கண்ணா!"