குணமடைந்த ஆட்டுத்தொடை

பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு மீன்கடைக்குப் போய்வரும் கடற்கரை ஊர் பெலிக்கன் முனை. அதனால் யாருக்கும் மூட்டுவலி போனதாகத் தகவல் இல்லை. ஆனால் லியாண்டர் மகான் வந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் புல்லில் நின்றால் நோய் பூமிக்குள் இறங்கிவிடும் என்று சொன்னாரோ இல்லையோ, ஊரே புல்வெளிக் கூடாரத்தின் முன் வரிசை கட்டிவிட்டது!

மகானிடம் ஒரு கருவி இருந்தது. பிளாஸ்டிக் பலகையில் ஏறி அதன் கம்பியைப் பிடித்தால் எண் எகிறும். அது 'நோய் மின்சாரம்' என்பார். புல்லில் கால் வைத்ததும் எண் பூஜ்யம். கூட்டம் கண்ணீர் விடும். மகான் காலில் மாட்டும் செம்புத் தண்டைகளை விற்பார்.

உள்ளூர்க்காரன் மெர்வினின் மனைவி கிளெனிஸ் இரண்டு கால்களிலும் தண்டை மாட்டியிருந்தாள். அவளுக்குப் பல வருடச் சர்க்கரை நோய், பாதம் மரத்துப்போனது. மாத்திரை பூமியோடு பேச விடாமல் தடுக்கிறது என்று மகான் சொன்னதால், மாத்திரையையும் நிறுத்தியிருந்தாள்.

அன்று காலை சமையலறைத் தரையெல்லாம் ரத்தம். அவள் பாதத்தில் சிப்பி ஓட்டுத் துண்டு ஏறியிருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. மெர்வின்தான் பார்த்து அதைப் பிடுங்கினான்.

"டாக்டர்கிட்ட போலாம், வா."

"சும்மா இருய்யா. நோய் வெளியேறுதுன்னு லியாண்டர் சொன்னாரு."

காலில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடாரத்துக்கே கிளம்பிவிட்டாள். மெர்வின் குளிர்பெட்டியைத் திறந்தான். கிளப் பரிசுக் குலுக்கலில் தனக்கு விழுந்திருந்த ஆட்டுத்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

"லியாண்டர், இவருக்கு ரொம்ப முடியல. கொஞ்சம் பாருங்க," என்றான், தொடையைக் காட்டி.

கூட்டம் சிரித்தது. மகான் சிரிக்கவில்லை. "செத்ததுக்கு ஏது நோய்?"

"அப்போ பூஜ்யம்தானே காட்டணும்? வெச்சுப் பாருங்க."

"அட, வெச்சுத்தான் பாரேன்யா!" என்று பின்வரிசையிலிருந்து குரல்.

பலகையில் தொடையை வைத்து, மெர்வினே கம்பியைச் செருகிவிட்டு விலகினான். எண் ஏறியது. தூக்கிப் புல்லில் வைத்தான். பூஜ்யம்.

"அடடா, குணமாயிடுச்சு! ஒதுங்குங்கப்பா, மேயப் போவுது!" என்றான் மெர்வின்.

மறுபடி பலகையில் வைத்தான், எண் ஏறியது. பலகைக்கு அடியில் ஓடிய விளக்கு ஒயரை மீன்கடை டோரீன் பிடுங்கினாள். இந்த முறை புல்லே படாமல் எண் விழுந்தது.

"ஒயரு பக்கத்துல எதை வெச்சாலும் ஏறும்போலிருக்கு," என்றாள் டோரீன். "என் கெளுத்தி மீனும் நோயாளிதான்!"

"எதிர்மறை அலைகள்..." என்று மகான் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. காசைக் கேட்டார்கள்.

கிளெனிஸ் குனிந்து காலைப் பார்த்தாள். துணி முழுக்கச் சிவந்திருந்தது.

"மெர்வ், வண்டிய எடு," என்றாள், சின்னக் குரலில்.

டாக்டர் புண்ணைத் துடைத்துக் கட்டினார். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் பாதம் போயிருக்கும் என்றார். "மத்தவங்க மணல்ல நடக்கட்டும், சுகமாத்தான் இருக்கும். உங்க காலுக்கு வலி தெரியாதும்மா. செருப்பில்லாம வீட்டுக்குள்ளகூட நடக்காதீங்க."

மறுவாரம் கிளப்பில் ஒருவன் மெர்வினின் காதருகே வந்தான். "மச்சான், ஆட்டுத்தொடை குணமாச்சே, அந்தப் புல்லு எந்த இடம்? எனக்கு முதுகுவலி."

"எந்தப் புல்லுல வேணா நட, காசில்ல," என்றான் மெர்வின். "நடக்கும்போது கொஞ்சம் யோசி. அதுக்கும் காசில்ல."