மூன்று விதிப்புத்தகமும் ஒரு காணி உறுதியும்

எனக்கு ஒரு விதிப்புத்தகம் ஒருநாளும் போதியதில்லை. இதை நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். வெட்கம் வரவில்லை, பெருமைதான் வருகிறது. சின்ன வயதில் கரம் விளையாட்டுக்குள் கிரிக்கெட்டின் 'நோ போல்' விதியைக் கொண்டுவந்து தம்பியை அழவைத்தவள் நான். (விதிக்காக அழவில்லை, விரலில் அடித்ததற்காகத்தான் அழுதேன் என்று அவன் இன்றுவரை வாதாடுகிறான். விடுங்கள்.)

அப்படிப்பட்டவளின் கையில் ஒரு கற்பனைச் சாகச விளையாட்டு அகப்பட்டது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் வாளை உருவுகிறேன்', 'நான் ஒளிந்துகொள்கிறேன்' என்பார்கள். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது பக்கமுள்ள தாயக்கட்டை சொல்லும். கதை நடத்தும் ஆள் நான். இடம், மானிப்பாயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நேரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு தின்ற கையோடு.

ஆட்டக்காரர் மூன்று பேர். கள்வனாக வந்தவன் என் தம்பி கஜன். (பொருத்தத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.) மந்திரவாதியாக வந்தவர் பக்கத்து வீட்டு அகிலன் அண்ணை. முதல் விதிப்புத்தகம் அவருடையது. அதனால் அதில் ஒரு வரி பிசகினாலும் அவருக்கு நெஞ்சு வலிக்கும். வாள்வீராங்கனை வேல்விழியாக வந்தவள் என் சிநேகிதி துளசி. அவள் குடும்பம் வடகரையில் ஒரு மீன்பிடி ஊரைச் சேர்ந்தது. ஆனால் அவள் பிறந்து வளர்ந்தது உரும்பிராயில், வாடகை வீட்டில். விளையாட்டு நடந்த ஒன்றரை வருடத்தில் ஒரு ஞாயிறுகூட அவள் பிந்தி வந்ததில்லை.

முதல் கிழமை எல்லோரையும் தங்கள் பாத்திரத்துக்கு ஒரு முன்கதை எழுதச் சொன்னேன். கஜன் 'கள்ளன்' என்று ஒரே சொல் எழுதினான். துளசி இரண்டு பக்கம் எழுதினாள். தலைமுறைகளுக்கு முன் டிராகன் வந்து வேல்விழியின் சனத்தை ஊரைவிட்டுத் துரத்திவிட்டது. அவர்களின் கோட்டைக்குள் அது படுத்திருக்கிறது. சனத்தைத் திரும்பக் கூட்டிவந்து குடியேற்றாமல் சாகமாட்டேன் என்று வேல்விழி சத்தியம் செய்திருக்கிறாள். நான் வாசித்துவிட்டு மூலையில் சிவப்பு மையால் 'பத்துக்கு எட்டு' என்று போட்டேன். (நான் டியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவள். கை சும்மா இருக்காது.)

நாலாம் மாதம், சண்டைகள் சப்பென்று இருக்கின்றன என்று வேறொரு விளையாட்டின் விதிப்புத்தகத்தை இரண்டாவதாகச் சேர்த்து, அதன் போர்விதிகளை இறக்கினேன். அகிலன் அண்ணையின் புத்தகத்தின்படி செத்தவன் இரண்டாவதின்படி வெறும் காயக்காரன். ஒரு பூதம் மூன்று கிழமையாகச் செத்துச் செத்து எழும்பியது. பிறகு அரசாட்சி நடத்த மூன்றாவது புத்தகம். மூன்றையும் பொருத்தி நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் அட்டவணை போட்டேன். அதைப்போல ஓர் அட்டவணை இந்தக் குடாநாட்டில் வேறெங்கும் இல்லை என்று அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

கடைசி ஞாயிறு வந்தது. டிராகன் முந்திய கிழமையே செத்துவிட்டது. இனி வேல்விழி கோட்டையைத் தன் சனத்துக்குக் கொடுப்பாள், சனம் உள்ளே வரும், பக்கத்து நாட்டு அரசன் முற்றுகை போடுவான், பெரிய போர் நடக்கும், கதை முடியும். அந்தப் போருக்கென்றே அகிலன் அண்ணை ஒரு நெருப்பு மந்திரத்தை மூன்று கிழமையாகப் பாவிக்காமல் சேமித்து வைத்திருந்தார்.

ஆனால் மூன்றாவது புத்தகம் காணி விஷயத்தில் ஒரே ஒரு வரிதான் சொல்லியிருந்தது: வென்றவருக்கே நிலம். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கு இது எப்படிப் போதும்? வேலி ஒரு முழம் நகர்ந்ததற்கு இருபது வருடம் கோடேறி வழக்காடிய குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். போதாததற்கு அப்பா நொத்தாரிசு, காணிப் பத்திரமான உறுதி எழுதுவதே தொழில், வீடு முழுக்கச் சட்டப் புத்தகம். நாலாவது விதிப்புத்தகமாகத் தேசவழமையைச் சேர்த்தேன். யாழ்ப்பாணத் தமிழருக்கென்று இருக்கிற பழைய சொத்துச் சட்டம் அது. இரண்டு நாள் இருந்து குறிப்பெடுத்து, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"வேல்விழி கோட்டையைத் தன்ரை சனத்துக்குக் குடுக்கிறாள்," என்று துளசி எழும்பி நின்று சொன்னாள்.

நான் கொப்பியைப் புரட்டினேன். "குடுக்கேலாது. கலியாணம் முடிச்ச பொம்பிளை காணி எழுதிறதெண்டால் புருஷன்ரை ஒப்பம் வேணும்."

"ஆரடி புருஷன்?"

கஜன் கையை உயர்த்தினான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு சத்திரத்தில் தம்பதிகளுக்கு மட்டும்தான் அறை என்று சொன்னதால், வேல்விழியும் கள்வனும் பகிடிக்குத் தாலி கட்டியிருந்தார்கள். என் கொப்பியில் அதுவும் பதிவாகியிருந்தது.

"நான் ஒப்பம் வைக்கமாட்டன்," என்றான் கஜன். "பாதிக் கோட்டை எனக்கு."

"நான் ஒரு டிராகனையே வெட்டினனான்! உவன்ரை கையெழுத்துக்குக் காத்து நிக்கவேணுமோ?"

"உது எந்தப் புத்தகத்திலை கிடக்கு?" என்று அகிலன் அண்ணையும் சேர்ந்துகொண்டார். "என்ரை புத்தகத்திலை உப்பிடி ஒண்டும் இல்லை!"

போட்ட சத்தத்தில் அப்பாவின் மத்தியான நித்திரை கலைந்தது. படித்த பிள்ளைகள் தாயம் உருட்டிப் பொழுது போக்குகிறார்கள் என்று எங்கள் விளையாட்டை அவர் மதிப்பதேயில்லை. ஆனால் சட்டப் பிரச்சினை என்று சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

"ஒப்பம் கிடக்கட்டும். முதலிலை உறுதியைக் காட்டுங்கோ. கோட்டை ஆரின்ரை பேரிலை? காணித் தோம்பிலை பேர் பதிஞ்சிருக்கோ?"

"பதிவு ஒண்டும் இல்லை அப்பா. அதிலை டிராகன்தான் இருந்தது."

"எத்தினை வருஷம்?"

கதை கம்பீரமாக இருக்கட்டும் என்று நானே எழுதிவைத்த கணக்கு அது. பெருமையாகச் சொன்னேன். "முந்நூறு."

"முந்நூறோ! பத்து வருஷம் தடையில்லாமல் இருந்தாலே ஆட்சி உருத்து வந்திடும் பிள்ளை, காணி இருக்கிறவருக்குத்தான். ஆரும் மறிச்சவையோ?"

"இல்லை அங்கிள், வெளியிலை இருந்த சனம் வருஷத்துக்கு ஒரு ஆடு குடுத்தவை," என்றார் அகிலன் அண்ணை, என் கொப்பியைப் பார்த்து.

"அப்ப குத்தகை குடுத்திருக்கினம். உடமைக்காரன் எண்டு ஒத்துக்கொண்டாச்சு. பாம்புக்குப் பிள்ளை குட்டி?" (டிராகன் அப்பாவுக்குப் பாம்புதான்.)

கஜன் தலையைக் குனிந்தான். கள்வனின் பைக்குள் டிராகனின் ஏழு முட்டைகள் இருந்தன. (பொரித்துத் தின்ன எடுத்தானாம்.)

"அப்ப கோட்டை முட்டையளுக்கு வழிவழியாய் வந்த முதுசம்," என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். "இந்தப் பிள்ளைக்கு அதிலை ஒரு உரிமையும் இல்லை."

நான் கைதட்டினேன். ஆம், கைதட்டினேன். நாலு புத்தகமும் ஒன்றோடொன்று கொளுவி இயங்குவதைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

துளசி இருந்துவிட்டாள். "அங்கிள்," என்றாள், "அப்ப எங்கடை காணியும் உப்பிடித்தானோ?"

அப்பா நிமிர்ந்தார். அவள் நிறுத்தவில்லை.

"நான் பிறக்க முந்தியே அது ஆமியின்ரை முள்ளுக்கம்பிக்குள்ளை போயிட்டுது. நாங்கள் போகாமல் இருந்தது விருப்பத்திலையோ? அம்மா வருஷா வருஷம் உறுதியை எடுத்து வெய்யிலிலை காயவைச்சு, திருப்பி ட்ரங்குப் பெட்டிக்குள்ளை வைக்கிறவ. அதுவும் செல்லாதோ?"

அந்த இரண்டு பக்க முன்கதை எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஒன்றரை வருடம் ஞாயிறு தவறாமல் அவள் எதற்காக வந்தாள் என்பதும் சேர்ந்தே ஏறியது. அவளுடைய ஊருக்கு நான் பத்துக்கு எட்டுப் போட்டிருந்தேன். அந்த மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்லைப் பிள்ளை. வரவிடாமல் மறிச்ச காலம் கணக்கிலை வராது. துரத்திப்போட்டு இருக்கிறது ஆட்சியே இல்லை. அம்மான்ரை உறுதி செல்லும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாம்பு சனத்தைத் துரத்தினதெண்டு ஏன் முதலிலை சொல்லேல்லை? அரைகுறையாய்ச் சட்டம் படிச்சுப்போட்டு அடுத்தவையின்ரை காணியிலை விளையாடுறியோ?"

"ஆடு குடுத்தது, அங்கிள்?" என்று துளசி கேட்டாள்.

"பயத்திலை குடுத்தது. குத்தகையில்லை."

"புருஷன்?"

"சத்திரத்துத் தாலிக்குப் பதிவிருக்கோ? இல்லை. அந்தக் கலியாணமும் செல்லாது." கஜன் வாயைத் திறந்தான். அப்பா பார்த்த பார்வையில் மூடிவிட்டான்.

அதோடு எழும்பியிருந்தால் அவர் நொத்தாரிசு இல்லையே. முன் அறைக்குப் போய்ப் பேனையும் கடதாசியும் எடுத்துவந்து உறுதி எழுதத் தொடங்கினார். கிழக்கு எலும்புக்காடு, வடக்கு கடல், மேற்கும் தெற்கும் பூதங்கள் போகும் ஒழுங்கை, இவ்வெல்லைகளுக்குட்பட்ட நிலம், கோட்டை, பயன்தரு மரங்கள் முழுவதும் வேல்விழியின் சனத்துக்கு. கிணறு வந்ததும் பேனை நின்றது.

"முட்டையள் என்ன பிழை செய்தது?" என்றார். "குஞ்சு பொரிச்சால் தண்ணி குடிக்கத்தானே வேணும்." கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் போக்குவரத்து வழியும் டிராகன் குஞ்சுகளுக்கு எழுதிவைத்தார். துளசி வாசித்துப் பார்த்து, சம்மதித்து ஒப்பம் வைத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

இதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அகிலன் அண்ணை தன் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாவிக்காத நெருப்பு மந்திரத்தோடு வீட்டுக்குப் போனார். மூன்று கிழமை எங்களோடு கதைக்கவில்லை. பக்கத்து நாட்டு அரசன் இன்றும் வாசலிலேயே நிற்கிறான். ஒன்றரை வருடக் கதையின் கடைசிப் போரை ஒரு காணி உறுதியால் நிறுத்திய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

சொந்தபந்தம் எல்லாம் இந்தக் கதை பரவிவிட்டது. என் கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியார்கூட, "கிணத்துப் பங்குப் பொம்பிளை எங்கை?" என்றுதான் கேட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் துளசியின் ஊர்க் காணிகள் விடுவிக்கப்பட்டன. கல்வீடு எழும்ப இன்னும் மூன்று வருடம் சென்றது. புதுவீட்டுக் குடிபூரலுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் துளசியின் அம்மா என் கையைப் பிடித்துத் தன் ஊர்ச்சனத்துக்குக் காட்டினார். "உவதான் பாம்புக்குக் கிணத்திலை பங்கு குடுத்த பிள்ளை. உவவின்ரை அப்பாதான் எங்கடை உறுதி செல்லும் எண்டு முதல் சொன்னவர்." அப்பா கூச்சத்தில் வேலியைப் பார்த்தார். எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது.

துளசி என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி நீட்டினாள்.

"குடியடி. இதிலை ஒருத்தருக்கும் பங்கில்லை."

கடல் கிட்ட என்பதால் தண்ணீர் உவர்த்தது. நான் வயிறு முட்டக் குடித்தேன்.