வயலின்காரர் பிடுங்கிய வயர்

வயலின்காரர் காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானம் பண்ணிவிட்டார். இன்றோடு அந்த எலெக்ட்ரிக் கிடாருக்குச் சமாதி!

பின்னே? இருபது வருஷமாக அந்த இசைக்குழுவில் தனி வாசிப்பு என்றால் அவர் வயலின்தான். இப்போது அவர் மனைவி புதிதாக ஒன்று எழுதியிருக்கிறாள். நவீன செவ்வியல் இசையாம்! தனி வாசிப்பு கிடாருக்காம். வாசிப்பது அவள் தம்பி. எழுதினவளும் அவள், மேடையில் கோலை ஆட்டிக் குழுவை நடத்துகிறவளும் அவள். வீட்டில் ஆட்டிவைப்பது போதாது போலிருக்கிறது.

"அதெல்லாம் ஒரு வாத்தியமா? மிக்ஸியில கரண்டி மாட்டிக்கிட்ட மாதிரி கத்துது."

"கத்தணும்னுதாங்க எழுதியிருக்கேன்."

"வயரைப் பிடுங்கினா மூச்சு போயிடும்! அதுக்கா என் தனி வாசிப்பைத் தூக்கிக் குடுத்தே?"

"சட்டையைப் போடுங்க, நேரமாச்சு."

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. கிடார் உச்சத்தில் கதறியபோது வயலின்காரர் எழுந்தார். வயலினை நாற்காலியில் வைத்தார். இரண்டே எட்டில் போய் கிடாரின் ஸ்பீக்கர் பெட்டி வயரைப் பிடுங்கினார்.

கப்சிப். ஒரு இருமல்கூட இல்லை. ஒழிந்தது சனியன் என்று நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி கோலை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள். மெல்ல இறக்கினாள்.

மொத்த அரங்கும் எழுந்து கைதட்டியது! முன்வரிசையில் ஒரு பத்திரிகை விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்கு அழுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா இந்த ஜென்மங்களுக்கு?

வயலின்காரர் பாய்ந்து போய் மனைவியின் இசைத்தாளைப் பார்த்தார். கடைசிப் பக்கம், குண்டு குண்டான கையெழுத்து: 'வயலின்காரர் கோபமாக வந்து வயரைப் பிடுங்குவார். மௌனம். முற்றும்.'

"அடிப்பாவி! என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்லியிருந்தா நடிச்சிருப்பீங்க. உங்களுக்கு நடிப்பு சுத்தமா வராது."

"நான் பிடுங்காம இருந்திருந்தா?"

"நீங்களா? ஒரு மாசமா ஒத்திகையில அந்த வயரையே முறைச்சுக்கிட்டு இருந்தீங்க. உங்க நாற்காலியை அது பக்கத்துல போட்டதே நான்தான்."

"நாளைக் கச்சேரிக்கு வேற ஆளைப் பாரு. நான் வரமாட்டேன்!"

"அய்யய்யோ, நாளைக்கு நோட்டீஸ்ல உங்க பேர்தாங்க முதல்ல. தனிக் கலைஞர்னு போட்டிருக்கு."

வயலின்காரர் தொண்டையைச் செருமினார். "பெரிய எழுத்துலயா?"

"என் தம்பி பேரைவிடப் பெரிசு."

"ம்... சரி, உனக்காக வர்றேன்."

"வாங்க. ஆனா வயலினை வீட்டுலயே வச்சுட்டு வந்துடுங்க. அதைக் கீழே வைக்கிறதுலயே இன்னிக்குத் தாளத்துல ரெண்டு எண்ணிக்கை லேட்டு."