பன்னிரண்டாம் வரிசைப் பெருமை

"கேப்டன், ரெண்டு பேர் இறங்கணும்னு பெட்டியை எடுத்துட்டாங்க" என்று பணிப்பெண் விமானி அறைக்குள் தலையை நீட்டினாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"பன்னிரண்டாம் வரிசையில உங்க அம்மா."

கேப்டனுக்குப் புரிந்துவிட்டது. கேப்டனாக அவனுக்கு இன்றுதான் முதல் பயணம். அம்மாவுக்கோ விமானத்திலேயே முதல் பயணம். பதினோரு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவனை ஆளாக்கியவள். மகனின் பெருமையைச் சொல்ல அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: அவன் பட்ட அடிகளை ஒன்று விடாமல் சொல்வது. கேட்டவர்கள் எல்லோரும் இதுவரை கண்கலங்கத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் யாரும் அவன் ஓட்டப்போகும் விமானத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை.

"அப்படி என்ன சொன்னாங்க?"

"லைசென்ஸ் பரீட்சையில மூணு தடவை பெயிலான புள்ள, இன்னிக்கு உங்க எல்லாரையும் தூக்கிட்டுப் போறான்னு. ஜன்னல் சீட்டுல பேத்தியோட வந்திருக்கிற பெரியவர் பேப்பரை விரிச்சு முகத்தையே மூடிக்கிட்டார்."

துணை விமானி அவசர அவசரமாக வெளியே வேடிக்கை பார்த்தான்.

பத்துப் பேர் இறங்கினால் அலுவலகம் வேறு கேப்டனை அனுப்பிவிடும். இருபது வருஷம் நாயாய் அலைந்து பிடித்த நாற்காலி, சூடாவதற்கு முன்பே போய்விடும்.

"கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

போன வேகத்தில் அவள் திரும்பி வந்தாள். "இப்ப அஞ்சு பேர், கேப்டன்."

"அம்மா பேசலையே?"

"பேசல. 'பேசாதேன்னு சொல்லிட்டான், பயந்தா அப்படித்தான் சொல்லுவான்'னு மட்டும் சொன்னாங்க."

"முன்வரிசை காலியாத்தானே இருக்கு? அங்க தனியா உட்கார வைங்க."

சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற பழக்கம் அம்மாவுக்கு ஏது? பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை ஒவ்வொரு வரிசையிலும் நின்று விடைபெற்றாள். பேப்பர் போடப் போன மகன் சைக்கிளோடு சாக்கடைக்குள் இறங்கிய கதையும் கூடவே நடந்து வந்தது.

"எட்டு" என்றாள் பணிப்பெண்.

இனி நாமே போனால்தான் சரிப்படும் என்று கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து மைக்கைப் பிடித்தான்.

"வணக்கம். நான்தான் உங்க கேப்டன். யாரும் கவலைப்பட வேண்டாம்..."

அம்மா எழுந்து வந்து அவன் காலரைச் சரிசெய்தாள். "காலைல சாப்பிட்டியா கண்ணு? வெறும் வயித்துல உனக்குத் தலை சுத்துமே!"

மைக் அதைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. விமானம் முழுக்க பெல்ட்டுகள் கழலும் சத்தம் கேட்டது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாப்பா?"

காய்ப்புக் காய்த்த அந்தக் கையைப் பிடித்ததும் அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நாற்காலி போனால் போகிறது.

"எல்லாம் உண்மைதானேம்மா. நீ சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

"எல்லாரும் உட்காருங்க!" என்று ஒரு குரல் அதட்டியது.

பன்னிரண்டாம் வரிசைப் பெரியவர் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கேப்டனின் முதுகு தானாக நிமிர்ந்தது. பெரியவர் பேத்தியின் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்தார்.

"அந்த மூணு தடவையும் இவரைப் பெயிலாக்கினவன் நான்தான், அதனாலதான் என் பேத்தியை முதல் தடவையா விமானத்துல கூட்டிட்டுப் போக, இவர் கேப்டனாகிற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்."