மன்னிப்புக் கேட்டார், ஊற்ற மறந்தார்

பெங்களூரில் நிற்காமல் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: பாஸ்ஃபடேஸ் அக்காவின் வாய். மற்றதெல்லாம் டிராஃபிக்கில் நின்றுவிடும். லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் எங்கள் ஆய்வகத்துக்கு வருவார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே வாக்கியம் பாதியில் இருக்கும். முதல் பாதியைச் சிக்னலில் யாரிடமோ சொல்லியிருப்பார்.

அவருடைய செல்லப்பிள்ளை ஒரு என்சைம். செல்லுக்குள் சேதி போகப் புரதத்தின் மீது பாஸ்பேட் என்ற சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுகிற கைனேஸ் என்சைமுக்குத்தான் ஊரெல்லாம் மாலை மரியாதை. அதை உரிக்கிற பாஸ்ஃபடேஸை யாரும் சீந்துவதில்லை. அக்காவுக்கு அதில் தீராத ஆத்திரம்.

“ஆரம்பிக்கிறத எவன் வேணா ஆரம்பிப்பான்பா. கரெக்ட்டா நிறுத்தத் தெரியணும். உரிக்க ஆளில்லன்னா செல்லு கண்டபடி வளந்து கேன்சர்ல கொண்டு விடும். அவசரப்பட்டு உரிச்சா இன்சுலின் பேச்சு எடுபடாது, சுகர் ஏறும். எல்லாம் என் புள்ள கைல இருக்கு!”

நிறுத்துவதன் பெருமையை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்.

சோதனைக்காகச் செல்லை உடைத்ததும் அந்த என்சைமை முடக்க வனடேட் என்ற மருந்தைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உடைந்த செல்லிலும் அது சீட்டுகளை உரித்துத் தள்ளிவிடும். அக்கா குழாயை முகத்தருகே தூக்கி, “சாரி கண்ணு, அம்மாவுக்கு வேற வழியில்ல” என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார்.

வினை அங்கேதான் வந்தது. இந்த முறை முடிவு காட்டாவிட்டால் அவருடைய ஆராய்ச்சியையே மூடிவிடுவதாக எங்கள் ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார். அந்தக் கவலையில் அக்கா வழக்கத்தைவிட உருக்கமாக, நீளமாக மன்னிப்புக் கேட்டார். ஊற்ற மறந்துவிட்டார்.

ஒட்டிய சீட்டுகள் கறுப்புக் கோடுகளாகத் தெரிய வேண்டிய படம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. தலைவர் முறைத்தார். அக்கா அசரவில்லை.

“பாத்தீங்களா சார்? ஒண்ணு விடாம உரிச்சிருக்கு! என்னா வேலை செய்யுது பாருங்க!”

தலைவர் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார். “அய்யோ, சும்னிரம்மா! பேச்ச நிறுத்துங்கம்மா! கடைசியா ஒரு சான்ஸ் தர்றேன். மன்னிப்பு நீங்க கேளுங்க, மருந்த இவன் ஊத்தட்டும்.”

இவன் என்றது என்னை. அடுத்த வாரம் அப்படியே செய்தோம். அக்கா சொன்னது போலவே, அந்த என்சைமைக் குறைத்து வளர்த்த செல்களில் மட்டும் இன்சுலினின் சேதி அழியாமல் கறுகறுவென்று நின்றது. ஆராய்ச்சி தொடரட்டும் என்றார் தலைவர்.

“என் புள்ள பொழச்சிடுச்சுடா!” என்று என் தோளில் சாய்ந்து அக்கா அழுதே விட்டார்.

என் உடன்பிறந்த அக்கா இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்: அன்றிலிருந்து அக்கா என்றால் எனக்கு அவர்தான்.