ஆனா அக்காவுக்குப் போட்ட ஊசி

ஓர் ஊழியரின் நோய்க்காக நிர்வாகமே மனமுருகி ஊசி வாங்கிக் கொடுத்த பொன்னான வரலாறு, எனக்குத் தெரிந்து, எங்கள் குக்கர் கம்பெனிக்கு மட்டுமே உண்டு. உதவி மேலாளர் என்ற முறையில் அதற்கு நான் நேர்சாட்சி.

தரச் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் 'ஆனா அக்கா' என்போம். கூட்டத்தில் மேலாளர் எதைச் சொன்னாலும், "எல்லாம் சரி சார், ஆனா..." என்று ஆரம்பிப்பார். உற்பத்தி அங்கேயே படுத்துவிடும். அவருக்கு மூட்டுவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே தாக்கும் வகை. காலையில் விரல்கள் வீங்கி மடங்காது; 'தள்ளுபடி' முத்திரையைப் பிடிக்க முடியாது. ஆகவே மதியம் வரை எங்கள் குக்கர்கள் யாவும் 'தரமானவை'.

ஒருநாள் அவர் மேலாளர் அறைக்கு வந்தார்.

"டாக்டர் புதுசா ஒரு ஊசி எழுதியிருக்கார் சார். கம்பெனி உதவினா நல்லாருக்கும். எதிர்ப்பு சக்தியைக் கொறைக்குமாம்."

மேலாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எதிர்ப்பைக் கொறைக்குமா? உங்களுக்கா?"

"ஆமா சார். ஆனா, சளி இருமல் இருக்கறவங்க பக்கத்துல நான் இருக்கக் கூடாது. தொத்திக்கிட்டா உசுருக்கே ஆபத்தாம்."

"தாராளமா போட்டுக்கங்கம்மா!" அக்கா போனதும் மேலாளர் என் காதைக் கடித்தார். "ஏய்யா, இதைத் தண்ணி டேங்க்ல கலக்க முடியுமா?"

"ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமாம் சார்."

அந்த ஒரு குறையைத் தவிர மருந்து அற்புதமானது. சில வாரங்களில் விரல் வீக்கம் வடிந்தது. பக்க விளைவுதான் கொடூரம்: அக்கா காலையிலிருந்தே முத்திரை குத்த ஆரம்பித்தார். ஆவி போகும் வால்வு திறக்காத குக்கர்கள் கிடங்கு நிறையக் கிடந்தன. அத்தனை பெட்டியிலும் சிவப்பாகத் 'தள்ளுபடி'. கிடங்குச் சாவியும் அவரிடம்.

"இது வெடிச்சா அடுப்படியில நிக்கறவங்க முகமே போயிடும் சார். நான் இருக்கற வரைக்கும் இது வெளிய போகாது."

'இருக்கற வரைக்கும்' என்பதை மேலாளர் ஆழ்ந்து சிந்தித்தார். நல்ல வேளையாக அப்போது அவருக்குக் கடும் சளி, காய்ச்சல். கடமையுணர்வோடு அவசரக் கூட்டம் கூட்டினார். ஜன்னல் இல்லாத ஏசி அறை.

அக்கா கதவருகிலேயே நின்றார். "சார், நான் வெளிய நின்னே பேசறேனே."

"நாமெல்லாம் ஒரே குடும்பம்மா. வெளிய நிக்கறதாவது!"

பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சில் இருந்ததையெல்லாம் ஒளிவுமறைவின்றி இருமித் தீர்த்தார். நாங்கள் தலைகுனிந்து குறிப்பெடுத்துக்கொண்டோம்.

அந்த வாரமே அக்கா நிமோனியாவில் படுத்தார். சாவி என் கைக்கு வந்தது. முத்திரையை அழித்துவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன்.

"எதுக்குய்யா? 'தள்ளுபடி'ன்னு அவங்களே விளம்பரம் போட்டுக் குடுத்திருக்காங்க. பாதி வெலைக்கு அனுப்பு."

மொழியறிவு என்றால் இதுதான். லாரிகள் கிளம்பின.

நிர்வாகத்தின் சார்பில் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார்.

"அந்தச் சரக்கு?"

"போயிடுச்சுக்கா."

"யாருமே எதிர்ப்பு சொல்லலையா?"

"ஒருத்தர்கூட சொல்லலக்கா," என்றேன், எங்கள் ஒற்றுமையை எண்ணிப் பெருமிதத்தோடு.

அவருக்கு மூச்சு வாங்கியது. என்னையே பார்த்தார்.

"ஆனா... ஊசி எனக்கு மட்டுந்தானே போட்டாங்க?"