ஓட்டையை ஒட்டினால் ஓட்டணும்

பகலவனுடைய சின்ன லோடு வண்டியில் டீசல் ஒழுக ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை. சொந்த வண்டி ஒழுகுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் வல்லம் வடகால் ஊரில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். டேங்க்கின் அடிவயிற்றில், துரு தின்ற இடத்தில், ஒரு சொட்டு திரண்டது. யோசித்தது. விழுந்தது. அடுத்தது திரண்டது. பகலவன் படுத்த வாக்கிலேயே கைகூப்பிவிட்டான்.

காரணம் இருந்தது. அவன் மனைவி கலைமதி பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். கான்ட்ராக்ட் முடிந்தது என்று போன மாதம் அனுப்பிவிட்டார்கள். வேறு யாராவது என்றால் ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். கலைமதி அரை நாள் அழுதாள். மீதி அரை நாளில் பெரிய இட்லிக் குண்டான் வாங்கிவிட்டாள்.

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் போற புள்ளைங்க வெறும் வயித்தோட ஓடுதுங்க. நம்ம வண்டி கீது. பின்னாடி அடுப்பு வெச்சிக்கினு போய் ஷேர் ஆட்டோ முக்குல நிறுத்தினா, சட்டி காலியாகறவரைக்கும் கூட்டம் நிக்கும்."

நம்ம வண்டி என்றாள். வண்டி என்றால் அதை ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருட்டோடு எழுந்திருக்க வேண்டும். வெங்காயம் நறுக்க வேண்டும். தட்டு கழுவ வேண்டும். அந்த ஆள் யார் என்று கலைமதி சொல்லவில்லை. ஆனால் பார்த்தாள்.

பகலவன் என்று சூரியனின் பெயரை வைத்த பெற்றோர், அவன் சூரியனுக்குப் பின்னால் எழுந்திருப்பான் என்று எதிர்பார்க்கவில்லை. காலையில் நிதானமாகக் கிளம்பி, ஒரு கம்பெனியில் காலி அட்டைப் பெட்டிகளை ஏற்றி, குடோனில் இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்து, படுப்பான். அந்த வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. குறை சொன்னவள் கலைமதி மட்டும்தான்.

"கலை! ஏ கலை! குடி முழுகிப்போச்சு, ஓடியா!" என்று கத்தினான். குரலில் சோகம் போதவில்லை என்று தோன்றியது. இன்னொரு முறை கத்தினான்.

கலைமதி மாவுக் கையோடு வந்தாள். "இன்னாய்யா?"

"டேங்க் ஒழுகுது."

"ஒழுகினா ஒட்டு."

"சுளுவா சொல்லிட்டே. இது இன்னா தண்ணிக் குடமா? டீசல்! இதுமேல அடுப்பு வெச்சி நீ இட்லி ஊத்தினா, இட்லி இங்க கீழ இருக்கும். நாம மேல போயிருப்போம்."

"அட்டை லோடு மட்டும் அடிக்கலாமா? அட்டை எரியாதா?"

"அட்டைக்குப் பக்கத்துல யாரும் சாம்பார் கொதிக்க வெக்கலியே."

"செரி, பத்த வெச்சிக்கினு வா."

"அதத்தான் நானும் சொல்றேன். பத்திக்கும்!"

"யோவ், வெல்டிங்கச் சொன்னேன்."

"பழைய மாடல் வண்டி. கண்டவன் கையில குடுக்க முடியாது. நானே பாத்துக்கறேன்" என்று சட்டையைக் கழற்றினான் பகலவன்.

டீசல் ஒழுகினால் துணி சோப்பைத் தேய்ப்பது வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த முதலுதவி. அவசரத்துக்கு நிற்கும், வெகு தூரம் தாங்காது. பகலவன் கலைமதியின் கண் முன்னாலேயே நீல சோப்பை எடுத்து, ஏதோ மூளை ஆபரேஷன் செய்பவனைப்போல் வியர்க்க விறுவிறுக்கத் தேய்த்தான். பாழாய்ப்போன சோப்பு, ஒழுகல் சட்டென்று நின்றுவிட்டது. பகலவன் முகத்துச் சந்தோஷமும் நின்றுவிட்டது. கலைமதி அந்தப் பக்கம் திரும்பியதும் பனியனைக் கழற்றி, சோப்பு முழுவதையும் சுத்தமாகத் துடைத்து எடுத்தான்.

"பாத்தியா, சோப்புக்கெல்லாம் அடங்கற ஓட்டை இல்ல இது" என்றான்.

கஷ்டம் அடுத்த வாரம் ஆரம்பித்தது. ஓட்டைக்கு அவனுடைய திட்டம் தெரியாது. அது ராப்பகலாக ஒழுகியது. ஒழுகியது அவன் காசில் அடித்த டீசல். மாடி அறையில் குடியிருந்த மாரிசெல்வி வேறு படி இறங்கி வந்து நின்றாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், பேட்டையில் வேலை, வாடகையைச் சரியாகக் கொடுப்பவள். அதனால் அவள் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அண்ணாச்சி, கொடியில காயப்போட்ட யூனிபாரம் பூரா டீசல் வாடை. அதப் போட்டுட்டுப் போனா லைன்ல எம்பக்கத்துல நிக்கவ மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கா. ஒண்ணு வண்டிய நவுத்துங்க, இல்ல ஓட்டைய அடைங்க."

பகலவன் யோசித்தான். ஓட்டையை ஒட்டாவிட்டால் டீசல் போகும், வாடகைக்காரி போவாள். ஓட்டையை ஒட்டினால் ஓட்ட வேண்டும். ஓட்டையை ஒட்டவும் வேண்டும், ஓட்டாமலும் இருக்க வேண்டும். மத்தியானத் தூக்கத்தின் நடுவே அவனுக்கு அந்த யோசனை உதித்தது. உதிக்க வேண்டிய நேரத்தில் உதிக்காதவனுக்கு எல்லாமே மத்தியானத்தில்தான் உதிக்கும்.

வண்டி குடோனில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒரகடம் போகிற ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த உச்சிமாகாளியிடம் போனான். உச்சிமாகாளி திருநெல்வேலிக்காரர். டேங்க்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை கழுவி, வாயைத் திறந்து வெயிலில் வைத்தார்.

"உள்ள ஆவி கெடக்கும்வே. அது போகாம நெருப்பக் காட்டினா, டேங்க் ஒரு தெருவுல கெடக்கும், நான் ஒரு தெருவுல கெடப்பேன்" என்றார்.

காய்ந்த பிறகு பித்தளை வைத்து ஒட்டி, தண்ணீர் நிரப்பிப் பார்த்து, வண்டியில் மாட்டிக் கொடுத்தார். "இனி ஒரு சொட்டு வராது. திருப்தியா?"

"ரொம்ப திருப்தி. ஆனா ஒட்டினத யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன்வே? திருட்டு வண்டியா?"

"குடும்ப விஷயம்."

உச்சிமாகாளி டேங்க்கை ஒரு பார்வை பார்த்தார், பகலவனை ஒரு பார்வை பார்த்தார். கூலியை எண்ணி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் முதல் பகலவனின் ஒழுக்கமான வாழ்க்கை தொடங்கியது. தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் டீசலை ஊற்றி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டான். கலைமதி எழுந்து வாசல் தெளிப்பதற்குள் அவன் எழுந்து, டேங்க்குக்கு நேர் கீழே ஒரு குட்டை ஊற்றிவிட்டு, மறுபடியும் வந்து படுத்துக் குறட்டை விடுவான். மாரிசெல்வியின் கொடியை மட்டும் பின்பக்கத்துக்கு மாற்றிக் கட்டிக் கொடுத்தான். அதிகாலையில் எழுந்திருக்கக் கூடாது என்பதற்காகத் தினமும் அதிகாலையில் எழுந்தான் அந்த மனிதன். வெங்காயம் நறுக்கியிருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ருசி கண்டபின் விடுவானா? குடோன் மேஸ்திரியிடமும் "டேங்க் ஒழுகுது சார், இன்னிக்கு வர முடியாது" என்று போன் போட்டான். அந்த வாரம் இரண்டு முறை லீவு எடுத்தான். ஒரு பொய்யை வைத்துக்கொண்டு வீட்டிலும் வெளியிலும் இவ்வளவு விளைச்சல் எடுத்ததில் அவனுக்கே தன்மேல் மரியாதை வந்துவிட்டது.

கலைமதி கொஞ்ச நாள் கத்தினாள். பிறகு ஒரு நாள் தேங்காய் வாங்க ஒரகடம் போகிறேன் என்று போனாள். சாயங்காலம் வெறுங்கையோடு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வுடுய்யா. நமக்குக் குடுப்பினை அவ்ளோதான்."

"நான் இன்னா பண்ணட்டும் கலை? என் மனசு துடிக்குது."

"தெரியும்யா. காலையில எழுந்து எழுந்து பாக்கறியே, எனக்குத் தெரியாதா?"

பகலவன் சட்டென்று நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பச்சைப் பிள்ளை முகம். நிம்மதியாக இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை மணிமங்கலத்தில் அவனுடைய கூட்டாளி வீட்டில் காதுகுத்து. "நீ போய்ட்டு நல்லா சாப்ட்டு வா. எனக்குத் தல நோவுது" என்றாள் கலைமதி. பைக்கில் போனான். பிரியாணியை ஒரு கை பார்த்தான். பொழுது சாயத் திரும்பி, வண்டி நிற்கிறதா என்று மட்டும் பார்த்தான். நின்றது. போய்ப் படுத்தான்.

ஞாயிறு விடியலில் வழக்கம்போல எழுந்தான். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. சோம்பல் முறிப்பவன்போல வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கண் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். கை மட்டும் பின்னால் போய் ஊற்ற வேண்டும். ஊற்றினான். ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று தாராளமாகவே ஊற்றினான். பாட்டிலை ஒளித்துவிட்டுத் திரும்பினால், கலைமதி டீ டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள். பின்னால் மாரிசெல்வி, பல் துலக்கிக்கொண்டே.

"இன்னாய்யா, இன்னிக்கும் ஒழுகுதா?"

"அத ஏன் கேக்கறே! நேத்தவிட ஜாஸ்தி."

"ஐயோ பாவம். எங்கேருந்து ஒழுகுது?"

"டேங்க்லருந்துதான்."

"எந்த டேங்க்?"

"இன்னா கேள்வி இது? இந்த..." என்று குனிந்து கையைக் காட்டினான்.

அங்கே டேங்க்கைக் கட்டும் இரண்டு பட்டைகள் தொங்கின. பட்டைகளுக்கு நடுவே எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. சுவர்மேல் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. அதுவும் அவனையே பார்த்தது. கீழே தாராளமான டீசல் குட்டை.

பகலவன் நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். நிமிரும்போதே கடைசி அஸ்திரத்தை எடுத்துவிட்டான்.

"ஐயையோ! கலை! டேங்க்க எவனோ திருடிக்கினு பூட்டான்!"

"டேங்க்க திருடினவன் ஒழுகல மட்டும் வுட்டுட்டுப் போனானாய்யா?"

மாரிசெல்வி வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு, படியில் உட்கார்ந்து சிரித்தாள்.

கலைமதி நிதானமாகச் சொன்னாள். "டேங்க்குதான பிரச்சினை, அதக் கழட்டிப் போட்டுட்டு வண்டிய முக்குல நிரந்தரமா நிறுத்திட்டா அடுப்பு வெக்கலாமேன்னு உச்சிமாகாளி அண்ணன்கிட்ட கேக்கப் போனேன். 'ஒட்டிக் குடுத்த டேங்க்க எதுக்குத் தங்கச்சி கழட்டுத?'ன்னாரு. அவர் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தாராம். நான் கேட்ட கேள்வியில தானா வந்துடுச்சி. நேத்து நீ பிரியாணி துன்னுகினு இருந்தப்ப வந்து கழட்டிக் குடுத்துட்டுப் போனாரு. டேங்க் தோட்டத்துல கீது."

"கலை... நான் வந்து... நெருப்புன்னா எனக்குக் கொஞ்சம் பயம்..."

"எனக்கு வேல போனப்ப பயமே இல்லன்னு நெனச்சியா?"

இதை அவள் கத்திச் சொல்லவில்லை. பகலவன் டீயை வாங்கிக் குடித்தான். ஆறியிருந்தது. சூடாக இன்னொன்று கேட்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சரண்டர் ஆனான். "செரி. டேங்க்க மாட்டச் சொல்லு. இனிமே நானே விடிகாலையில ஓட்டிக்கினு வரேன்."

"மாட்டினா நீ மறுபடியும் ஒழுகவுடுவே. இருக்கட்டும்."

"அப்ப அட்டை லோடு?"

"மேஸ்திரி நேத்தே எனக்கு போன் பண்ணாரு. தெனமும் ஒழுகற வண்டி வேணாமாம். வேற வண்டிய வெச்சிக்கினாராம்."

அன்று மத்தியானமே ஒரு டிராக்டர் வந்து வண்டியை இழுத்துப்போய் ஷேர் ஆட்டோ முக்கில் நிறுத்தியது. வழக்கமாக அந்த நேரத்தில் தூங்குகிற பகலவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இழுத்த இழுப்புக்கெல்லாம் போனான். திங்கட்கிழமை இருட்டோடு கடை திறந்தது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த முதல் ஷேர் ஆட்டோ காலியாவதற்குள் முதல் குண்டானும் காலி. மாரிசெல்வி தன் லைன் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கலைமதி வண்டிமேல் நின்று இட்லி எடுத்தாள். கீழே இருந்த மற்ற எல்லாவற்றையும் பகலவன் பார்த்துக்கொண்டான். சாம்பார் வாளி, சட்னி வாளி, தண்ணீர்க் குடம், எச்சில் தட்டு, வெங்காயம். ஒரே ஆள், எல்லாத் திசையிலும்.

புதிதாக வேலைக்கு வந்த தென்காசிப் பையன் ஒருவன் கை கழுவிக்கொண்டே வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "இந்த வண்டி ஓடுமாண்ணே?"

இரண்டு கையிலும் தட்டுகளோடு அவனைத் தாண்டிப் போன பகலவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"வண்டி நிக்கும் தம்பி. நான்தான் ஓடறேன்."